வளர்ந்த வீட்டின் முகவரி

2010இல் வெளியான 'த வில்டர்னெஸ் டவுன்ரவுண்' என்ற இணையப் படைப்பு, பார்க்க வந்தவரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டது: நீங்கள் வளர்ந்த வீட்டின் முகவரி என்ன? மொன்றியலைச் சேர்ந்த ஆர்கேட் ஃபயர் இசைக்குழுவின் பாடலொன்றுக்காக, கூகிள் நிறுவனத்தாருடன் சேர்ந்து, கிறிஸ் மில்க் இயக்கியது அது. முகவரியைத் தட்டெழுதியதும் உலாவியின் சாளரங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒன்றில், தலையை மூடிய சட்டையுடன் ஓர் உருவம் இருண்ட தெருவில் ஓடியது. இன்னொன்றில் பறவைக் கூட்டம். வேறொன்றில், வானிலிருந்து எடுத்த படம் சுழன்று சுழன்று, கொடுத்த முகவரியின் தெருவுக்கு இறங்கியது. சிறுவயதில் அங்கிருந்த உங்களுக்கே ஓர் அஞ்சலட்டை எழுதும்படி கேட்டது. எழுதிய எழுத்துக்களிலிருந்து கிளைகள் முளைத்தன. இறுதியில் தெருவைப் பிளந்துகொண்டு மரங்கள் எழுந்து வீட்டைச் சூழ்ந்தன.

அதுவரை உலாவிக்குள் அசையும் படங்களுக்கும் ஒலிக்கும் பெரும்பாலும் ஃபிளாஷ் என்ற ஒட்டு மென்பொருளே கைகொடுத்தது. 2020 முடிவில் ஃபிளாஷ் கைவிடப்பட்டபோது அதில் செய்யப்பட்ட எத்தனையோ படைப்புகள் இருண்டுபோயின. இந்தப் படைப்போ எச்.ரி.எம்.எல்.5ஐக் கொண்டு, உலாவியே நேரடியாகக் கோடு கீறி, பறவைகளைப் பறக்கவைத்து, பாட்டின் தாளத்துக்குச் சாளரங்களைத் திறந்து மூடியது. இந்தச் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பார்த்த பலர் கண்கலங்கியதிலும் பொய்யில்லை. பாட்டே கடிதத்துக்காகக் காத்திருந்த காலத்தைப் பற்றியது. கொழும்பு வழியாக மாதக்கணக்கில் அலைந்து வந்த கடிதங்களை எதிர்பார்த்திருந்த எமக்கு அது அந்நியமான பொருளல்ல.

எனினும் அந்த முதற் கேள்வியிலேயே நாம் தடுக்கிவிழுகிறோம். கூகிளின் தெருப்படக் கமெரா 2007இல் அமெரிக்க நகரங்களில் ஓடத் தொடங்கியது. 2010இல் அது இலங்கைத் தெருக்களுக்கு வந்திருக்கவில்லை. தெருப்படம் இல்லாத முகவரியைக் கொடுத்தால், படைப்பின் உயிரான பகுதிக்குக் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. கமெரா பின்னர் வந்தது உண்மைதான். ஆனால் கார் கடந்துபோன நாளில் நின்ற மதிலைத்தானே அது காட்டும்! 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பமொன்று எந்த வாசலை அதில் தேடும்? 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தைவிட்டு நடந்தவர்கள்?

அந்த மரங்களின் காட்சி இன்னும் உறுத்துகிறது. அங்கே அது ஓர் அலங்காரம்; நகரத்துப் பிள்ளையின் ஏக்கத்துக்குக் கொடுத்த பச்சை நிறம். வலிகாமம் வடக்கில் மரங்கள் மெய்யாகவே வீடுகளைப் பிளந்தன. 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களில் ஒரு பகுதியினர், துறைமுகத்தை அண்டிய நிலம் 2017இல் விடுவிக்கப்பட்டபோது திரும்பிப் போய், பற்றைக்குள் தம் அத்திவாரத்தைத் தேடவேண்டியிருந்தது. கணினி வரைந்த மரம் எம்மை நெகிழ வைக்காததற்குக் காரணம், கணினி மீதான வெறுப்பன்று. தரவில் இருப்பவனின் நினைவை மட்டுமே நினைவென்று இப்படைப்பு கொள்கிறது. அவன் வீடு நிற்கிறது, தெரு நிற்கிறது, அவன்தான் வளர்ந்து போய்விட்டான் என்பதே அதன் சோகம்.

இதற்குப் பதினான்கு வருடங்கள் முன்னரே, 1996இல், மொஸ்கோவைச் சேர்ந்த ஓல்யா லியாலினா, 'என் காதலன் போரிலிருந்து திரும்பி வந்தான்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஓர் உலாவிப் படைப்பைச் செய்தார். நிறமில்லை, ஒலியில்லை. கறுப்புத் திரையில் சில சிறு படங்களும் உடைந்த ஆங்கில வசனங்களும். ஆணும் பெண்ணும் முகம் பாராது அமர்ந்திருக்கிறார்கள். ஒரு சொல்லைத் தொட்டால் திரை இரண்டாகப் பிரிகிறது, மறுபடி தொட்டால் பிரிந்தது மீண்டும் பிரிகிறது. உரையாடல் துண்டு துண்டாகி, யார் கேட்டது யார் சொன்னது என்று தெரியாமல் போகிறது. இடையில் இன்னொருவனைப் பற்றிய ஒப்புதல், கலியாணப் பேச்சு. கடைசியில் திரை முழுவதும் வெற்றுக் கட்டங்கள். எந்தப் போர் என்று அவர் சொல்லவில்லை. செச்சென்யாவில் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது.

எமக்கு இதுவே பெரிய படைப்பு. திரையைச் சட்டகங்களாகப் பிரிப்பது அந்நாளைய உலாவிகளின் சாதாரண வசதி. இன்று அது காலாவதியானதென்று தரவிதிகள் சொல்லிவிட்டன. அந்தச் சாதாரண வசதியே இங்கு கதையின் பொருளாகிறது: போரிலிருந்து வந்தவனுக்கும் காத்திருந்தவளுக்கும் இடையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சுவர் எழும்புகிறது, அதை எழுப்புவது வாசகனின் விரல். இது எம்மிடம் முகவரி கேட்கவில்லை. அந்த வெற்றுக் கட்டங்களில் எங்கள் வீட்டு விறாந்தையும் இருக்கிறது.

எம்மவர் இளையோரில் பலர் இத்தொழிலிலேயே இருக்கிறார்கள். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஊரைப் பற்றி ஏதேனும் செய்ய முனைந்தால் வானிலிருந்து எடுத்த கோவிற் திருவிழாப் படமும் ஒரு சோகப் பாட்டுமாகத்தான் பெரும்பாலும் முடிகிறது. வீட்டிலக்கமே இல்லாதிருந்த கிராமங்களிலிருந்து வந்தவர்களிடம் முகவரியைக் கேளாமல், வீட்டுக்கு எப்படி வருவது என்று கேட்டுப் பார்க்கலாம். சங்கக்கடைச் சந்தியால் திரும்பி, வைரவர் கோவிலடி தாண்டி, பங்குக் கிணற்றுக்கு எதிர்ப்பக்க ஒழுங்கை என்று சொல்லத் தொடங்குவார்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கட்டம் திறந்தால் போதும். படம் கிடைக்காத கட்டம் கறுப்பாகவே இருக்கட்டும்.