கிழக்கிடு பொருள்: தலித் கவிதையில் உவமை செய்யும் வேலை

உவமையாக வருவது உயர்ந்த பொருளாக இருக்க வேண்டும் என்பது உவமவியலில் தொல்காப்பியர் வைத்த விதி. வீரனுக்குப் புலி, முகத்துக்கு மதி, கொடைக்கு மாரி. ஆனால் அவரே அங்கே இன்னொரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறார். சிறப்பு, நலன், காதல், வலி என்ற நான்கோடு, ஐந்தாவதாகக் 'கிழக்கிடு பொருளை'யும் உவமைக்கு நிலைக்களம் என்கிறார். கிழக்கு என்பது இங்கே கீழ். கிழக்கிடு பொருள் தாழ்வு பற்றி வரும் உவமைக்கு இடம். செய்யுள் மரபு அந்த வழியில் அதிகம் புழங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் ஒரு பெருங்கூட்டம் அதன் வழியே உள்ளே வந்தது.

தலித் கவிதையை அதன் கோபத்துக்காகப் படிக்கிறோம், சாட்சியத்துக்காகப் படிக்கிறோம். அது உவமையையும் உருவகத்தையும் என்ன செய்தது என்று கேட்பது குறைவு. ஆய்வரங்குகளில் இக்கவிதைகள் பெரும்பாலும் சமூகவியலுக்கு மேற்கோளாகத்தான் வந்துபோகின்றன. எழுதியவர் கைத்திறனுக்கு அங்கே நாற்காலி கிடையாது. சில மொழிகளைத் தொட்டு அந்தக் கைத்திறனைப் பார்க்கலாம்.

1914இல் மகாவீர் பிரசாத் துவிவேதி ஆசிரியராக இருந்த 'சரஸ்வதி' இதழில் ஹீரா டோம் எழுதிய போஜ்புரிப் பாட்டு ஒன்று வெளியானது. 'அச்சூத் கீ ஷிகாயத்', அதாவது தீண்டப்படாதவனின் முறையீடு. அதில் புதிய உவமை எதையும் தேட வேண்டாம். இருப்பவை ஊரறிந்த புராணங்கள்: பிரகலாதனைக் காத்தது, திரௌபதிக்குச் சேலை தந்தது. பக்திப் பாட்டில் இவை கடவுளின் கருணைக்குச் சான்றுகள். ஹீரா டோம் அதே சான்றுகளை அடுக்கிக் கடவுளையே கூண்டில் ஏற்றுகிறார். அவர்களுக்கெல்லாம் ஓடி வந்தவன் எங்களிடம் மட்டும் ஏன் வரவில்லை? டோம் சாதி என்று தெரிந்து தொட அஞ்சிவிட்டானா? தீட்டுப் பார்க்கிற கடவுள் என்ற ஒரே ஒரு கற்பனையால் பழைய கதைகள் எல்லாம் தலைகீழாகிவிடுகின்றன.

அந்தக் கடவுளிடம் யாரைத் தூது அனுப்புவது? குர்ரம் ஜாஷுவா 1941இல் 'கப்பிலம்' என்ற தெலுங்குக் காவியத்தில் இதற்கு விடை கண்டார். காளிதாசனின் யட்சன் மனைவிக்கு மேகத்தை விடுகிறான். தமிழ்ப் பாட்டியலும் தூதுக்கு உரியவை என்று பத்தைச் சொல்லும்: அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. எல்லாம் அழகானவை, மங்கலமானவை. ஜாஷுவாவின் ஏழைத் தலித் நாயகனுக்கு இவற்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. அவன் குடிசைக்குள் வருவது ஒரு வௌவால். கப்பிலம் என்றால் வௌவால்தான். காசியில் இருக்கும் சிவனிடம், பூசாரி இல்லாத நேரம் பார்த்து, என் நிலையைக் காதில் சொல் என்று அதனிடம் வேண்டுகிறான்.

வீட்டுக்குள் வௌவால் புகுந்தால் ஆகாது என்பார்கள். ஆனால் கோயிலுக்குள் அதற்குத் தடையில்லை. கருவறை இருட்டில் சாமிக்கு மிக அருகில் தொங்கிக்கொண்டிருப்பது அதுதான். சகுனத்தில் மனிதனைவிடத் தாழ்ந்தது, நுழைவுரிமையில் அவனைவிட உயர்ந்தது. ஒரு பறக்கும் பிராணியை மாற்றியதிலேயே கோயில் நுழைவு மறுப்பு முழுவதையும் ஜாஷுவா சொல்லிவிடுகிறார். இதற்கு அவர் எடுத்துக்கொண்டது பண்டிதர்கள் மதித்த பத்திய யாப்பு. அவர்கள் வடிவத்திலேயே அவர்கள் கதவைத் தட்டினார். வழிநெடுக வரும் ஊர்களின் பெருமையையும் அவர் மனமாரப் பாடுகிறார். இது வெறும் பகடியாக இருந்தால் அந்தப் பகுதிகள் தேவையில்லை. நாட்டின் மீதான காதலும் அந்த நாடு செய்த அவமானமும் ஒரே பறத்தலில் சேர்ந்து போவதால்தான் கப்பிலத்தை இன்றும் படிக்க முடிகிறது. இந்தத் துறையில் மிக முழுமையான ஒற்றை உருவகம் இது என்பேன்.

1958இல் மும்பையில் நடந்த முதல் தலித் இலக்கிய மாநாட்டில் மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டே, பூமி ஆதிசேடன் தலையில் நிற்கவில்லை, உழைக்கும் மக்களின் கைகளில் நிற்கிறது என்று பேசினார். பழைய உருவகத்தில் ஆளை மட்டும் மாற்றுகிற அதே உத்திதான்.

1972இல் வந்த, மராத்திக் கவிஞர் நாம்தேவ் தசாளின் 'கோல்பிட்டா' தொகுப்பு இவர்கள் பாதையில் போகவில்லை. மும்பையில் பாலியல் தொழில் நடக்கும் காமாட்டிபுரா வட்டாரத்து இடப்பெயர் அது. டாக்சி ஓட்டிப் பிழைத்த தசாள், அதே ஆண்டு அமெரிக்காவின் பிளாக் பேந்தர்களை முன்மாதிரியாகக் கொண்டு நண்பர்களோடு தலித் பேந்தர் அமைப்பைத் தொடங்கினார். தொகுப்புக்கு முன்னுரை எழுதிய நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கருக்கே பல சொற்கள் புரியவில்லை. தசாளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கும். அவையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல ஒரு கூட்டம் தமக்குள் பேசிக்கொள்வது குழூஉக்குறி. தசாள் முதல் இரண்டையும் உதறிவிட்டு மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டார். விடுதியும் சாராயக்கடையும் பேசுகிற குழூஉக்குறி அவருக்குக் கவிதை மொழி. சீழும் மலமும் நோயும் அதில் எதற்கும் குறியீடு அல்ல, அவை அவையேதான். பிறகு அவையே பெருகிப் பெருகி மாநகரத்தின் உடம்பாகிவிடும். மனிதன் செய்ய வேண்டிய அட்டூழியங்களை ஏவலாகவே அடுக்கிப் போகும் அவருடைய பேர்பெற்ற கவிதை, முடிவில் யாரும் யாரையும் அடிமைகொள்ளாத, கொள்ளையடிக்காத உலகுக்கு வந்து சேர்கிறது. அந்த அடுக்கின் நீளம்தான் அங்கே அணி. பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் கவிதையையே காட்டவில்லை.

தசாளிடம் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. நகரத்தின் சீரழிவைச் சொல்ல விலைமகளிர் உடல் அவருக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. அவர்கள்மேல் அவருக்குப் பரிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. என்றாலும் இன்னொன்றுக்கு உருவகமாகிவிட்ட பெண் தன் குரலில் பேசுவது அரிது.

தமிழில் தலித் இலக்கியம் அந்தப் பெயரோடு வலுப்பெற்றது 1990களில், அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி. அப்போது கைக்கு எட்டியது வானம்பாடி இயக்கக் கவிஞர்கள் விட்டுச்சென்ற உருவகக் கிடங்கு: சூரியன், விடியல், நெருப்பு, எரிமலை. யார் வாயிலும் பொருந்தும் சொற்கள் இவை. கட்சி மாநாட்டுச் சுவரொட்டியிலும் பொருந்தும். அந்தக் காலத்துக் கவிதைகளில் பல இன்று வெளிறித் தெரிவதற்குக் கருத்து காரணமல்ல, இந்த இரவல் சூரியன்தான் காரணம்.

அதற்கு மாறாக, தலித் அல்லாத இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரனின் குரலில் ஊரூராகப் போன 'மனுசங்கடா' பாட்டைப் பாருங்கள். அதில் வரும் உவமை மனிதனை மனிதனோடு ஒப்பிடுகிறது, அவ்வளவே. உன்னைப்போல உயரம் உள்ளவன்தான் நானும் என்கிறது. உவமை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற விதிக்கு இங்கே வேலையே இல்லை. 'போல' என்ற உருபு சமத்துவக் கோரிக்கையாகிவிடுகிறது. அணிநலம் தேடும் கண்ணுக்கு இது வெறும் பேச்சாகத் தெரியக்கூடும்.

நாகர்கோவில் பக்கத்து என்.டி. ராஜ்குமாரின் கவிதையில் உருவகம் மந்திரவாதத்திலிருந்து வருகிறது. யட்சியும் சிறுதெய்வங்களும் சாபமும் அங்கே அலங்காரத்துக்கு நிற்கவில்லை. மந்திரத்தில் ஒன்றை இன்னொன்றாகச் சொல்வது ஒப்புமைக்காக அல்ல, அதை அப்படியே ஆக்குவதற்காக. ஒடுக்கப்பட்டவன் கையில் எஞ்சிய அதிகாரம் சொல் பலிக்கும் என்ற நம்பிக்கை. அதைக் கவிதைக்குள் கொண்டுவந்ததால் அவர் வரிகளில் விடியலுக்காகக் காத்திருக்கும் தொனி இல்லை.

விலைமகளிர் உடல் பற்றி எழுப்பிய கேள்விக்குச் சுகிர்தராணியிடம் பதில் இருக்கிறது. 'இரவு மிருகம்' தொகுப்பு 2004இல் வந்தது. பெண்ணுடலை நிலமாகவும் ஆறாகவும் பாடுவது பழைய வழக்கம். அங்கே பார்ப்பவன் ஆண். இவர் தன் உடலைத் தானே நிலமாக்கிக்கொள்கிறார். புதைத்தால் புல்வெளியாவேன், எரித்தால் பறவையாவேன் என்ற போக்கில் நகரும் கவிதையில், ஒவ்வொரு வன்முறையும் அவர் எடுக்கும் அடுத்த உருவுக்குக் காரணமாகிறது. அதே கவிஞர், தப்பட்டை மாட்டிக்கொண்டு தெருவில் எதிர்ப்படும் தந்தையைக் கண்டு பள்ளிநாளில் முகம் மறைத்த ஒருத்தி இன்று கேட்பவர்களிடம் தன் சாதியைத் தானே சொல்வதை எழுதும்போது உருவகத்தை மொத்தமாகக் கைவிடுகிறார். அந்த இடத்தில் ஒரு உவமை வந்திருந்தாலும் அது இன்னொரு மறைப்பாகியிருக்கும். எப்போது உருவகம் வேண்டும், எப்போது கூடாது என்ற இந்தத் தீர்ப்பில்தான் அவர் தம் காலத்தவர் பலரைத் தாண்டிப் போகிறார்.

2021இல் டெல்லிப் பல்கலைக்கழக மேற்பார்வைக் குழு ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து மகாசுவேதா தேவி, பாமா ஆகியோரின் படைப்புகளோடு சுகிர்தராணியின் இரண்டு கவிதைகளையும் நீக்கியது. ஒன்று 'கைமாறு', மலம் அள்ளும் பெண்களைப் பற்றியது. மற்றது 'என் உடல்', இயற்கையின் உருவகங்களால் ஆனது. மூடாமல் சொன்னதும் உருவகமாகச் சொன்னதும் ஒரே பட்டியலில் போயின.