என்ஜின் மாற்றிய வண்டி: ‘அஜாந்த்ரிக்’கும் கரிசக்காட்டு அம்பாசடர்களும்

ரித்விக் கட்டக்கின் ‘அஜாந்த்ரிக்’ (1958) படத்தைப் பற்றி நண்பர்கள் பேசும்போதெல்லாம் பேச்சு ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறது: மனுசனுக்கும் மெஷினுக்கும் இடையிலான காதல். தலைப்புக்கே ‘இயந்திரமல்லாதது’ என்றுதான் பொருள் என்பதால் அந்த வாசிப்பில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அருப்புக்கோட்டையில் வளர்ந்த எனக்கு அந்தப் படத்தில் உறுத்துகிற இடம் வேறு. பிமல் தன் சேமிப்பையெல்லாம் கொட்டி ஜகத்தலுக்குப் புது உதிரிபாகங்கள் வாங்கிப் போடுகிறான். அப்படியும் வண்டி பிழைக்கவில்லை. ஏன் பிழைக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. விதி, காலம், நவீனத்துவம் என்று பெரிய வார்த்தைகளைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. சுபோத் கோஷின் சிறுகதையை வைத்து எடுத்த படம். சோட்டாநாக்பூர் மேட்டு நிலத்தில் பிமல் ஒரு டாக்ஸி டிரைவர். அவனிடம் இருப்பது 1920ஆம் வருடத்துச் செவர்லே. அதற்கு ஜகத்தல் என்று பெயர் வைத்திருக்கிறான். ஊரே கேலி செய்கிறது. ரேடியேட்டரில் தண்ணி ஊற்றினால் தாகம் எடுத்த ஆள் மாதிரி அது மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்கும். கோபம் வந்தால் நின்றுவிடும். கடைசியில் ஒருநாள் நிரந்தரமாக நின்றுவிடுகிறது. காயலான்கடைக்காரன் வந்து பிரித்து ஏற்றிக்கொண்டு போகிறான். ஒரு குழந்தை அதன் ஹாரனைக் கையில் வைத்து அமுக்கி விளையாடுகிறது. பிமல் சிரிக்கிறான்.

முதலில் ஒரு சரித்திர விவரம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார் பூட்டும் ஆலையைத் தொடங்கியது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகள் மூட்டை கட்ட வேண்டும் என்று 1953இல் அரசு முடிவெடுக்க, மறுவருடமே ஆலை மூடப்பட்டது. அதாவது படம் வந்த 1958இல் ஜகத்தல் கிழட்டு வண்டி மட்டுமல்ல, இந்த நாட்டில் அநாதை வண்டியும்கூட. அதைப் பெற்ற கம்பெனி ஊரைவிட்டுப் போய் நாலு வருடம் ஆகிவிட்டது. அதே காலத்தில், வங்காளத்தில், ஹூக்ளி ஆற்றங்கரை உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஒரு புது வண்டியை வெளியே விடுகிறது. புது வண்டி என்றால் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. அங்கே 1959இல் கைவிட்ட அச்சு, இங்கே அம்பாசடர் என்ற பெயரில் 2014 மே மாதம் வரை ஓடியது.

ஒரு பழைய வண்டி சாகிறது, ஒரு பழைய வண்டி பிறக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் ஆன்மா கிடையாது. மாற்றிப் போட பாகம் கிடைக்கிறதா, மாற்றத் தெரிந்த கை இருக்கிறதா என்பதுதான். கட்டக்கின் படம் வலியைச் சரியாகக் காட்டுகிறது, அந்த வலியின் காரணத்தைக் காட்டுவதில்லை. இது என் முதல் குறை.

*

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி பக்கம் போகிறவர்களுக்கு அந்தப் பொட்டலைத் தெரியும். கரிசல், கண்மாய், சீமைக்கருவேலம், கரிமூட்டப் புகை. குண்டாற்றில் தண்ணியைப் பார்த்த வருடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த ஊர்களில் அம்பாசடர் ஒரு கல்யாணக் கார் மட்டுமல்ல. பிரசவத்துக்கு, பாம்புக்கடிக்கு, மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டிய எதற்கும் அதுதான் வண்டி. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008இல்தான்.

இப்படி ஓடுகிற வண்டியை யாரும் ‘ஒரிஜினலாக’ வைத்திருந்ததில்லை. சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடாகி, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்ப் மேலே ஈரத்துணியைச் சுற்றி, ஆறவைத்துத்தான் மறுபடி கிளப்புவார்கள். அதற்கு ஒரு மாற்றுவழி கிடைத்தால் போட்டார்கள். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டார்கள். பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜினை ஏற்றினார்கள். பெட்ரோல் விலைக்கு வாடகை கட்டாது, அவ்வளவுதான் காரணம்.

இதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது மதுரை டி.வி.எஸ். கம்பெனி பஸ்களுக்குக் கரிவாயுக் கலன் செய்து கொடுத்தது. கரி போட்டு ஓடிய அந்த பஸ்களைப் பற்றி எங்கள் தாத்தா தலைமுறை கதைகதையாகச் சொல்லும். வண்டி என்பது அன்றைக்கு எது கிடைக்கிறதோ அதைத் தின்று ஓட வேண்டிய ஜீவன் என்ற புத்தி இந்த நிலத்துக்குப் பழையது.

ஊரில் ஒரு வயசான மெக்கானிக்கிடம், பழைய அம்பாசடரில் பெரிய என்ஜின் ஏற்றினால் என்ன என்று ஒருதடவை கேட்டேன். அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே விதை.

“ஏத்தலாம் தம்பி. எவன் வேணாம்னான்? ஆனா என்ஜினப் புதுசாப் போட்டுட்டு பிரேக்கப் பழசா விட்டாம் பாரு, அவன் வண்டிக்கு உசுரு குடுக்கல, உள்ள உக்காந்திருக்கவன் உசுர எடுக்கான்.”

“அப்ப பிரேக்கையும் மாத்திட்டா சரியா அண்ணாச்சி?”

“பிரேக்கு மட்டும் போதுமாய்யா? கிளச்சு தாங்கணும். ரேடியேட்டரு தாங்கணும். பின்னால பட்டை முறுக்காம இருக்கணும். ஒண்ணத் தொட்டா ஒம்பதத் தொடணும். அதுக்குக் காசு இருந்தாத் தொடு, இல்லன்னா பேசாம இரு.”

இதை மெக்கானிக் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போன வண்டி 80இல் போனால், வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் அதை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் வைத்த வண்டி திரும்பத் திரும்ப அழுத்தினால் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். புதுப் பாகம் என்பது தனியாக வருவதில்லை, பக்கத்தில் இருக்கிற பழைய பாகங்கள் எல்லாவற்றிடமும் அது ஒரு கேள்வி கேட்கிறது.

கட்டக்கின் பிமல் வாங்கிய பாகங்களைப் படம் அவன் அன்பின் அளவாகப் பார்க்கிறது. எவ்வளவு பணம் போட்டான், எவ்வளவு நம்பினான் என்பதுதான் அங்கே கணக்கு. அந்தப் பாகங்கள் ஜகத்தலின் மற்ற எலும்புகளை என்ன செய்திருக்கும் என்ற யோசனை அதில் இல்லை. அன்பு இருந்தால் போதும் என்று நினைக்கிற ரிப்பேர் எப்போதுமே இந்த இடத்தில்தான் தோற்கும். இது என் இரண்டாவது குறை.

*

இப்போது பழைய கார்களைப் பற்றி இணையத்தில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒன்று, போல்ட்டு நட்டு உட்பட ஆலையிலிருந்து வந்தது வந்தபடி இருக்க வேண்டும் என்கிற கட்சி. இன்னொன்று, உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் நவீனமாக்குகிற ‘ரெஸ்டோமாட்’ கட்சி. அம்பாசடர் விஷயத்தில் முதல் கட்சியிடம் எனக்கு ஒரே கேள்விதான்: எந்த அம்பாசடர் ஒரிஜினல்? 1489 சிசி பி.எம்.சி. என்ஜின் வைத்ததா? 1992இல் ஆலையே அதை இறக்கிவிட்டு, ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் என்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றியதே, அதுவா? ஏறத்தாழ 50 குதிரைத்திறனில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வண்டி 75ஐ ஒட்டிப் போனது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. எங்கள் மெக்கானிக் சொன்ன அதே பாடத்தைத்தான் ஆலையும் படித்திருக்கிறது. இங்கிலீஷ் உடம்பும் ஜப்பான் என்ஜினும் வங்காளக் கைகளும் சேர்ந்ததுதான் நாம் ‘நம்ம அம்பாசடர்’ என்று கண்கலங்குகிற வண்டி.

சட்டம் இதை வேறுமாதிரிப் பார்க்கிறது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. சாலையில் போகிற மற்றவர்களின் உயிரை வைத்துப் பார்த்தால் நியாயமான சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆலை செய்தால் ‘மாடல்’, டிரைவர் செய்தால் ‘குற்றம்’ என்ற கோட்டை யார் எங்கே போடுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரிஜினல் என்பது பல சமயம் அழகியல் கிடையாது. மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதன் பெயர்.

*

இதே விருதுநகர் மாவட்டத்தில் இதைவிடப் பழைய வண்டி ஒன்று இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேர். மரச்சக்கரத்தில் ஓடிய காலத்தில் அது நிலைக்கு வந்து சேர நாள்கணக்கு ஆகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அதற்கு இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக். ஆடிப்பூரத்தன்று காலையில் வடம் பிடித்தால் அன்றைக்கே நிலைக்கு வந்துவிடுகிறது. திருச்சி பெல் நிறுவனம் தமிழ்நாட்டின் பல கோயில் தேர்களுக்கு இந்த மாதிரிச் சக்கரமும் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. சக்கரம் இலகுவாக உருண்டால் நிறுத்துவது கஷ்டமாகும். அதனால் சக்கரத்தோடு பிரேக்கையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் அது இல்லை. ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் தேர்களில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீதி திரும்பும் இடத்தில் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்புகிற வேலையை அவர்கள்தான் செய்கிறார்கள். ‘முட்டுக்கட்டை’ என்ற சொல்லை நாம் தடங்கல் என்ற பொருளில் மட்டும் பயன்படுத்திப் பழகிவிட்டோம். தேரடியில் அது ஒரு தொழில். புதுப் பாகம் வந்தும் பழைய கைக்கு வேலை மிச்சம் இருக்கிறது. ஒரு புதுப்பித்தல் நல்லதா கெட்டதா என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

*

புதுசை மட்டும் ஏந்திப் பேசிவிட்டுப் போக முடியாது. யாழ்ப்பாணம் அதற்கு இடம் கொடுக்காது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் அங்கே பெட்ரோல் கிடைக்கவில்லை. ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்ற ஐம்பதுகளின் பிரிட்டிஷ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெட்ரோலைக் கார்புரேட்டரில் காட்டி என்ஜினைக் கிளப்பிவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அந்தக் காலத்து என்ஜினின் அழுத்த விகிதம் குறைவு என்பதால் மட்டமான எரிபொருளையும் அது சகித்துக்கொண்டது. அதே காரில் யாராவது முன்கூட்டியே ஒரு நவீன என்ஜினை ஏற்றியிருந்தால் தடை வந்த முதல் வாரமே அது கொல்லையில் நின்றிருக்கும். கர்ப்பிணியைச் சுமந்து போனது பழசின் எளிமைதான்.

ஆகவே புதுசா பழசா என்பது உபயோகமான கேள்வி கிடையாது. வண்டி நின்றுவிட்டால் அடுத்த ஊரில் அதைத் திறந்து பார்க்க ஆள் உண்டா? இதுதான் கேள்வி. இன்றைக்குப் பழைய கார்களை மின்சாரத்துக்கு மாற்றும் கிட்டுகள் வந்திருக்கின்றன, ஒப்புதல் பெற்ற கிட்டுகளுக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. புகை இல்லை, சத்தம் இல்லை, எனக்கும் ஆசைதான். ஆனால் பூட்டுப்போட்ட பேட்டரிப் பெட்டியும் கம்பெனி மட்டுமே திறக்கக்கூடிய மென்பொருளும் திருச்சுழி ரோட்டில் நின்றால், ஈரத்துணியை எங்கே சுற்றுவது? கம்பெனி நாளைக்குக் கடையை மூடிவிட்டால் அந்த வண்டியும் இன்னொரு ஜகத்தல்தான்.

*

இவ்வளவுக்குப் பிறகும் ‘அஜாந்த்ரிக்’ எனக்குப் பெரிய படம்தான். ஏனென்றால் என் குறைகளுக்கு அதற்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. புலாகி என்று ஒரு பைத்தியக்காரன் வருவானே, அவன். பழைய பாத்திரம் ஒன்றின்மேல் உயிரையே வைத்திருப்பான். கடைசியில் கையில் பளபளவென்று புதுப் பாத்திரம் வந்ததும் பழசை அப்படியே மறந்து குதூகலிக்கிறான். நண்பர்கள் இதை மனித மனத்தின் நிலையாமை என்று வாசிக்கிறார்கள். நான் இதை ஒரு எச்சரிக்கையாக வாசிக்கிறேன். பழசை அப்படியே கட்டிக்கொண்டு அழுத பிமலும், புதுசு கிடைத்ததும் பழசை மறந்த புலாகியும் ஒரே தப்பின் இரண்டு பக்கம். பழசுக்குள் புதுசைப் பொருத்திப் பார்க்கும் பொறுமை இரண்டு பேருக்கும் கிடையாது.

நாம் வாசிக்கிற எழுதுகிற விஷயங்களிலும் இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள். பழைய காவியத்தை இன்றைய நாவலாக்குகிறவர்கள் அதன் நாயகிக்கு ஒரு நவீன மனசைக் கொடுத்துவிட்டு, அவளைச் சுற்றி இருக்கிற ஊரை, சாதியை, தெய்வத்தைப் பழையபடியே விட்டுவிடுகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் கிளச் வழுக்குகிறது. அதை விமர்சிக்கிறவர்கள் ‘மூலத்தைக் கெடுத்துவிட்டான்’ என்கிறார்கள். கெடுத்ததில் குற்றமில்லை. ஒன்றைத் தொட்டுவிட்டு மிச்ச ஒன்பதைத் தொடாமல் விட்டதுதான் குற்றம்.

கட்டக் படத்தைக் குழந்தையின் கையிலிருக்கும் ஹாரனில் முடிக்கிறார். நெகிழ்வான முடிவு, எனக்கும் ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கிறது. ஆனால் ஹாரன் எந்த வண்டியிலும் சும்மா மாட்டிக்கொள்ளக்கூடிய பாகம். பக்கத்தில் இருக்கிற எதையும் அது கேள்வி கேட்காது. பழசிலிருந்து நாம் எடுத்து வைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த மாதிரிப் பாகங்களைத்தான். அடுத்தமுறை இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள், அதற்குச் சற்று முன்னால் காயலான்கடை வண்டியில் ஏறிப்போகிற மிச்சத்தையும் பாருங்கள். அதில் பிமல் காசு கொடுத்து வாங்கிய புதுப் பாகங்களும் கிடக்கின்றன.