முத்திரையும் நாவும்

கானாவூர்த் திருமணத்தில் இரசத்தைச் சுவைத்துத் தீர்ப்புச் சொன்ன பந்தி மேற்பார்வையாளருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பணியாளருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. புகழ்பெற்ற திராட்சை இரசங்களைப் பற்றிய திறனாய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு அவர் நினைவு வருகிறது. அவற்றுள் பல, தோட்டத்தின் பெயரையும் விலையையும் பார்த்த பிறகே நாவை நனைக்கின்றன.

ஜெர்மனியில் ரைன் ஆற்றின் வடகரையில் உள்ளது யோஹான்னிஸ்பெர்க் குன்று. 1100ஆம் ஆண்டையொட்டிப் பெனடிக்ட் சபைத் துறவியர் அங்கே மடம் அமைத்தனர். பின்னர் கைமாறிய அவ்விடத்தை 1716இல் ஃபுல்டாவின் மடாதிபதி வாங்கினார். 1720இல் ரீஸ்லிங் என்னும் வெண்திராட்சைக் கொடிகள் பெருமளவில் நடப்பட்டன. அறுவடைக்கு ஃபுல்டாவின் அனுமதி வேண்டும். 1775இல் அனுமதியுடன் வரவேண்டிய தூதர் மிகவும் பிந்தினார் என்பது மரபுச் செய்தி. அதற்குள் கனிகளில் பூஞ்சை படர்ந்து தோல் சுருங்கிவிட்டது. கெட்டுவிட்டதென்று கண் சொன்னது. ஆயினும் பறித்துப் பிழிந்தனர். மறு ஆண்டு சுவைத்தோர் வியந்தனர். பூஞ்சை தோலைத் துளைத்ததால் நீர் வற்றி, இனிப்பும் மணமும் செறிந்திருந்தன. ஹங்கேரியின் டோக்காய் பகுதியில் இது முன்னரே அறிந்த செய்திதான். பிந்திவந்த தூதருக்குக் குன்றின் மேல் சிலை இருக்கிறது. அழுகியதை வீசாமல் பிழியத் துணிந்தவருக்கன்றோ அதை வைத்திருக்க வேண்டும்!

இன்று அத்தோட்டத்திலிருந்து பச்சை முத்திரையோடு வருவது, 'பிந்திய அறுவடை' என்றே பொருள்படும் வகைப்பெயர் கொண்ட இரசம். அன்பர் ஒருவர் அதையும் விலை குறைந்த வேறொரு ரீஸ்லிங்கையும் துணி சுற்றிய புட்டிகளிலிருந்து நமக்கு ஊற்றித் தந்தார். இரண்டும் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தன. முதல் மிடற்றில் ஒன்று உடனே இனித்தது. மற்றது புளித்து ஒதுங்கி நின்றது. இனித்ததே சிறந்தது என்று குறித்துக்கொண்டோம். கால்மணி நேரத்தில் குளிர் தணிந்ததும் அது வெறும் சர்க்கரை நீராய்ச் சப்பிட்டது. மற்றதிலோ பச்சை ஆப்பிளும் பீச் பழமும் எலுமிச்சைத் தோலும் ஒன்றன்பின் ஒன்றாக மணந்தன. அதன் இனிப்பைப் புளிப்பு தாங்கிப் பிடித்திருந்தது; விழுங்கிய பின்னும் சுவை நெடுநேரம் நாவில் நின்றது. அடியில் இலேசான மண்ணெண்ணெய் வாடையும் உண்டு. முதிர்ந்த ரீஸ்லிங்கிற்கு அது இயல்பு. வல்லுநர் சிலர் அதைப் போற்றுவர், நாம் பொறுத்துக்கொண்டோம். அன்பர் துணியை விலக்கிப் பச்சை முத்திரையைக் காட்டியபோது, நமது தாளின் முதல் வரி ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தது.