மணிக்கயிற்றின் உயரம்

மாவட்ட ஆட்சியர் கிராமத்துக்கே வந்து மனு வாங்கும் நாளுக்குத் தமிழ்நாட்டில் ‘மனுநீதி நாள்’ என்று பெயர். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடப்பது ‘மக்கள் குறைதீர்க்கும் நாள்’. பின்னது அலுவலகத் தமிழ். முன்னது கதையிலிருந்து வந்தது. மனு என்றதும் பெண்களாகிய நமக்கு வேறொரு நூலும் நினைவுக்கு வரும். இங்கே நான் பேச வந்தது சோழன் கதையைப் பற்றி.

கண்ணகி பாண்டியனிடம் தன் ஊரின் பெருமையைச் சொல்லும்போது இந்தக் கதையைச் சொல்கிறாள். சேக்கிழார் பெரியபுராணத்தில் திருவாரூரின் சிறப்பாக இதையே விரிவாகப் பாடுகிறார். தேர்க்காலில் மகனை இட்ட மன்னனின் நீதி என்றுதான் நாம் படித்தோம், நான் கற்பிப்பதும் அப்படித்தான். ஆனால் அந்தக் கதையில் நீதிக்கு முன்னால் ஒரு மணி இருக்கிறது. கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலுக்கு வந்து, கொம்பால் அந்த மணியை அசைக்கிறது. அப்படியென்றால் மணி பசுவுக்கு எட்டும் உயரத்தில் இருந்திருக்கிறது. வந்தவள் ஒரு தாய். அவளுக்கு மனிதமொழி கிடையாது, எழுதிய மனு கிடையாது, துணைக்கு ஆளும் கிடையாது. பேசத் தெரியாதவள் என்று யாரும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அவளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டு அறிவது அரசின் வேலையாக இருந்தது.

கதைதான். ஆனாலும் அரசு தன் கூட்டத்துக்கு இந்தப் பெயரை வைத்திருக்கும்போது, மணிக்கயிறு இன்று எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நம் இலக்கியத்தில் வாயில் முக்கியமான இடம். கண்ணகி வாயிற்காவலனிடம் பேசித்தான் அவைக்குள் போகிறாள். ஔவை அதியமானின் வாயிற்காவலனிடம் தன் மானம் குறையாமல் பேசுகிறாள். பெண் அதிகாரத்தை முதலில் சந்திப்பது வாயிலில்தான் என்பதற்கு இவர்களே சாட்சி. ஆனால் இருவரும் நடந்து வந்தவர்கள், சொல்வன்மை உள்ளவர்கள். திருக்குறளின் ‘அவையறிதல்’, ‘அவையஞ்சாமை’ அதிகாரங்களும் அவைக்குள் வந்துவிட்ட ஒருவரிடம்தான் பேசுகின்றன. வரமுடியாதவர் அங்கே வாசகரே அல்லர். ஊராட்சி மக்களாட்சியின் பெருமையாக நாம் காட்டும் உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் இடுவதற்கு நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் கேட்டது. 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும் என்றது. பெண் அதில் இல்லை.

புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பார்வையற்றவர், காது கேளாதவர், பேச இயலாதவர், கூன் விழுந்தவர், குள்ளமானவர் என்று எட்டு வகையினரை ‘எச்சம்’ என்ற சொல்லால் குறிக்கிறார். இலக்கணத்தில் எச்சம் என்பது முடிவு பெறாத சொல், முடிய இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்பது. மனிதரையும் அப்படிப் பார்த்த நெடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ‘ஊனமுற்றோர்’ என்பதை 2010இல் ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று அரசு மாற்றியது. சொல் மாறியதை நான் சிறிதாக எண்ணமாட்டேன், சொல்லை வைத்துப் பிழைப்பவள் நான். ஆனால் சொல் மாறிய இடத்தில் படிக்கட்டு மாறியதா என்பதுதான் கேள்வி.

கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொள்கிறேன். இந்த மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டினது, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாவட்டத்தைவிடச் சட்டம் மூத்தது. அணுகல் விதிகளுக்கு உட்படாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரக்கூடாது என்கிறது அதன் 44ஆம் பிரிவு. விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் பழைய பொதுக் கட்டடங்களையும் மாற்ற வேண்டும் என்கிறது 45ஆம் பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். அந்தக் கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. ஆகவே ‘பழைய கட்டடம், என்ன செய்வது’ என்ற பதில் எங்குமே செல்லாது. புதிய மாவட்டத்தில் எழும் எந்த அலுவலகத்துக்கும் அது அறவே செல்லாது.

பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. அணுகலைக் கட்டாயம் என்று சட்டம் சொல்ல, 15(1)ஆம் விதியோ அதை வெறும் வழிகாட்டுதலாக்கி வைத்திருந்தது. அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ரதூரி மனுப் போட்டது 2005இல். ஒரு மனுவுக்கு இத்தனை ஆண்டுகள்.

சாய்தளம் என்றால் ஏதோ சிமென்டுச் சரிவு என்று நினைக்கிறோம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொது அளவு. மூன்று அடி உயர வாசலுக்கு 36 அடி. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியை இன்னொருவர்தான் தள்ள வேண்டும். தள்ளுகிறவர் பெரும்பாலும் தாய், மனைவி, அக்கா. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர். அணுக முடியாத ஒவ்வொரு கட்டடமும் ஒரு பெண்ணின் சம்பளமில்லாத உழைப்பில்தான் இயங்குகிறது.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்து இந்த மலையை அரசு எடுத்துக்கொண்டதே 1976இல்தான். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால், பழங்குடிக் கிராமசபைக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் சட்டம் இங்கே பொருந்தாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பிழைத்தவர்களில் பார்வை பாதிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். அதை ஒட்டித்தான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மலையிலிருந்து யாரும் மணி அடித்துக் கேட்டதல்ல அது.

மலைக்கிராமத்திலிருந்து கால் இயலாத ஒரு பெண் திங்கட்கிழமை மனு கொடுக்கக் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். சாதாரணப் பேருந்தில் அவளுக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் முதலில் பேருந்து நிற்கும் சாலைவரை வர வேண்டும், பிறகு பேருந்தின் படி ஏற வேண்டும். போகிற இடத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு எந்த அரசாணையிலும் இல்லை. பெண்களுக்கு மட்டும் தெரிந்தது.

சரி, ஊருக்குள்ளேயே நடக்கும் கிராமசபைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் அது கூட வேண்டும். மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர்வரை வந்தால் கோரம் நிறைந்துவிடும். எத்தனை பேர் என்று எண்ணும் விதி, யார் வரவில்லை என்று எண்ணுவதில்லை. தண்டோரா போடுவதைக் கைவிடும்படி 2022இல் அரசு சொன்னது. நல்லதுதான், சாதி சுமத்திய வேலை அது. அன்று தண்டோரா காது கேளாதவரை எட்டவில்லை. இன்று பலகையில் ஒட்டும் தாள் கண் தெரியாதவரை எட்டவில்லை.

நான் போயிருந்த ஒரு கிராமசபையில், காது கேளாத இளம்பெண் ஒருத்தி கையில் தாளோடு முன்னால் வந்தாள். அதிகாரி அவள் முகத்தைப் பார்க்காமல், “பொண்ணு என்னம்மா சொல்லுது?” என்று தாயிடம் கேட்டார். “அது ஒண்ணும் சொல்லாதுங்க சார், எங்க வீட்டுக்கு ரோடு வேணும்” என்றார் அந்த அம்மா. தாளை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. தாய் பொய் சொல்லவில்லை, ரோடும் வேண்டியதுதான். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் கொடுமையை அந்தத் தாளில் ஒருத்தி எழுதியிருந்தால், வீட்டாரையே மொழிபெயர்ப்பாளராக வைக்கும் கூட்டம் அதை எப்படிக் கேட்கும்? சைகைமொழி பெயர்ப்பாளரை வசதி என்று பேசுகிறார்கள். பெண்ணுக்கு அது பாதுகாப்பு.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் ஊராட்சிகள் சட்டத்தையும் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தையும் திருத்தி, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழி செய்தது. பெரிய அடி இது, மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். கூடவே பெண்களின் அனுபவத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. உள்ளாட்சியில் நமக்கு 33 விழுக்காடு வந்தது, 2016இல் அது 50 ஆனது. நாற்காலி நம் பெயரில் இருக்க, பல ஊர்களில் கணவர் அதில் உட்கார்ந்தார். இடம் தருவது வேறு, அவையைத் திறந்துவிடுவது வேறு. நியமன உறுப்பினர் படியேற முடியாமல் வெளியே நிற்க, ‘துணையாள்’ உள்ளே கையெழுத்துப் போடும் நாள் வரக்கூடாது. நியமிக்கப்படுபவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்றும் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் இந்திய மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அதில் பெண்கள் 1.18 கோடி. பெண்களிடம் குறைபாடு உண்மையிலேயே குறைவா, அல்லது கதவைத் தட்டிய கணக்கெடுப்பாளரிடம் வீடு அவர்களைச் சொல்லவில்லையா?

‘வருவது ஒருவரோ இருவரோ, அதற்கு இவ்வளவு செலவா?’ என்பார்கள். வரமுடியாத இடத்தில் வந்தவர்களை எண்ணுவது கணக்கே அல்ல. செலவில்லாதவையும் பல உண்டு. கூட்டத்தைத் தரைத்தளத்தில் நடத்தலாம். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லலாம். பொருள்நிரலை உரக்கப் படிக்கலாம். எழுதிக் கேட்பவருக்கு எழுதிப் பதில் தரலாம். துணைக்கு வந்தவரை விட்டு உரியவளின் முகம் பார்த்துப் பேசலாம். மலைக்கு ஆட்சியர் போகும் நாளில் சைகைமொழி அறிந்தவரையும் உடன் அழைத்துப் போகலாம். இத்தனைக்குப் பிறகும் எஞ்சும் சாய்தளமும் கழிப்பறையும் சட்டப்படி தரவேண்டியவை, தயவு அல்ல.

மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த கிராமசபைக்கு உங்கள் ஊரில் போங்கள். வாசலில் எத்தனை படி, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, அறிவிப்பு எப்படி வந்தது, யார் யாருக்காகப் பேசினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் யார் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அவர்கள் பெயரையும் கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளைத் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லி, பதிவேட்டில் ஏறும்வரை உட்கார்ந்திருங்கள்.