‘டிஜிட்டல் பூர்வகுடிகள்’: ஓர் எடுகோளின் மறுவாசிப்பு

அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி 2001ஆம் ஆண்டு இரு பகுதிகளாக வெளியிட்ட கட்டுரையொன்று கல்வியுலகுக்கு இரண்டு சொற்களை வழங்கியது. கணினியோடும் இணையத்தோடும் பிறந்து வளர்ந்தோர் ‘டிஜிட்டல் பூர்வகுடிகள்’. பிற்காலத்தில் அவற்றைக் கற்றுக்கொண்டோர் ‘டிஜிட்டல் குடியேறிகள்’. குடியேறியவரின் பேச்சில் தாய்மொழியின் சாயல் ஒட்டியிருப்பதுபோல, மின்னஞ்சலை அச்சிட்டுப் படிப்பதும் அது கிடைத்ததா எனத் தொலைபேசியில் வினவுவதும் மூத்தோரிடம் ஒட்டியிருக்கும் என்றார் அவர். சுவையான உவமை. அக்கருத்து இத்தனை காலம் நிலைத்ததற்கு அச்சுவையே காரணம், சான்று அன்று.

அவர் தரும் சான்றுதான் என்ன? அமெரிக்கப் பட்டதாரி ஒருவர் வாசிப்பில் 5,000 மணி நேரத்துக்கும் குறைவாகவும், வீடியோ விளையாட்டில் 10,000 மணி நேரத்துக்கும் அதிகமாகவும் செலவிட்டிருப்பார் என்னும் கணக்கு. அதிலிருந்து, இளையோரின் மூளையே மாறியிருக்கக்கூடும் என்ற முடிவுக்கு ஆசிரியர் தாவுகிறார். பழக்கம் வேறு, அறிவு வேறு என்பது அங்கே மறைந்துபோகிறது. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஸூ பெனட்டும் சகாக்களும் ஆதாரங்களைத் திரட்டி ஆராய்ந்து, ஒரே தலைமுறைக்குள் திறனும் ஈடுபாடும் பெரிதும் வேறுபடுவதைக் காட்டினர். பிரென்ஸ்கியும் 2009இல் ‘டிஜிட்டல் ஞானம்’ என்ற சொல்லுக்கு நகர்ந்தார். ஆயினும் முதற்சொல் அதற்குள் அவர் கையை விட்டுப் போயிருந்தது.

இவ்வெடுகோளுக்கு விழுந்த பலத்த அடி வேறொரு திசையிலிருந்து வந்தது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஸாம் வைன்பர்க்கும் ஸாரா மெக்ரூவும் வரலாற்றறிஞர் 10 பேர், ஊடகங்களில் தகவல் சரிபார்ப்போர் 10 பேர், மாணவர் 25 பேர் ஆகியோரை இணையத்தின் முன் அமர்த்தி, 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். குழந்தை மருத்துவர்களின் இரு அமைப்புகளுடைய பக்கங்கள் காட்டப்பட்டன. ஒன்று 1930இல் நிறுவப்பட்ட, பல்லாயிரம் உறுப்பினரைக் கொண்ட பேரமைப்பு. மற்றையது 2002இல் பிரிந்துபோன சிறு குழு. ‘பூர்வகுடி’ மாணவரிற் பெரும்பாலோர் சிறு குழுவையே நம்பகமானதெனத் தேர்ந்தனர். வரலாற்றறிஞரிற் பலரும் தடுமாறினர். இரு சாராரும் பக்கத்துக்குள்ளேயே நின்று அதன் வடிவமைப்பையும் இலச்சினையையும் வாசித்துக்கொண்டிருந்தனர். தகவல் சரிபார்ப்போரோ உடனே அப்பக்கத்தை விட்டு வெளியேறி, ‘இதைச் சொல்பவர் யார், அவரைப் பற்றிப் பிறர் கூறுவதென்ன?’ என்று தேடினர். அவர்கள் தவறவில்லை. வயதோ பிறப்போ அன்று, பயின்ற முறையே அவர்களைக் காத்தது.

ஹதீஸ் கலையை அறிந்த வாசகருக்கு இம்முறை புதிதன்று. மத்னை ஆராய்வதுடன் ஸனதையும் ஆராய்வது, அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் பிறர் வாக்குமூலங்களால் நிறுப்பது ஆகியவற்றையே முஹத்திஸ்கள் இல்முர் ரிஜால் என வளர்த்தெடுத்தனர். இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. அவர்கள் பெயரறிந்த மனிதரை ஆராய்ந்தனர். அறியப்படாத அறிவிப்பாளரை ‘மஜ்ஹூல்’ என ஒதுக்கவும் முடிந்தது. இணையத்திலோ பெயரற்ற குரல்களே மலிந்துள்ளன. மேலும், மூலமற்ற ‘ஹதீஸ்களை’ வாட்ஸ்அப்பில் முன்னனுப்புவதில் நம் குடும்பங்களின் மூத்தோர் இளையோருக்குச் சற்றும் இளைத்தவர் அல்லர். பிரென்ஸ்கி வரைந்த எல்லைக்கோடு இங்கே முற்றாக அழிந்துபோகிறது.

எனினும் அக்கட்டுரை விளைவித்த தீங்கு இளையோரையே அதிகம் சார்ந்தது. பிறவியிலேயே தேர்ந்தவர் எனக் கருதப்படுபவருக்கு எவரும் எதையும் கற்பிக்க முற்படார். அரபுக் கல்லூரியில் ரிஜால் கலையைப் பயிலும் மாணவனுக்கும் அது பெரும்பாலும் மறைந்த மனிதரைப் பற்றிய பாடமாகவே நின்றுவிடுகிறது. வகுப்பு முடிந்ததும் அவன் கையிலெடுக்கும் கைபேசிக்கு அது வந்து சேர்வதில்லை.