படம் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்

தமிழில் படக்கதை என்றதும் நினைவுக்கு வரும் ஊர் சிவகாசி. 1972 ஜனவரியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வெளிவந்தது. முல்லை தங்கராசன் அதன் ஆசிரியர். 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், இருபது வயதுகூட நிறையாத நிலையில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். நடுவில் சுணங்கிய இந்த வெளியீடு 2012இல் நல்ல தாள், முழு வண்ணம், பெரிய அளவு என்று மறுபிறப்பு எடுத்தது. இன்றும் மாதந்தோறும் புத்தகங்கள் வருகின்றன. இன்னொரு பக்கம், கடந்த பத்தாண்டுகளில் பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தமிழிலேயே எழுதப்பட்ட சிறார் நாவல்கள் ஒரு வரிசையாக நிற்கத் தொடங்கியிருக்கின்றன. விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளையின் கையில் இந்த இரண்டில் எதை நம்பிக் கொடுக்கலாம் என்பதே என் கேள்வி.

முதலில் படக்கதைக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். பாடப்புத்தகம் தவிர வேறு அச்செழுத்தே நுழையாத வீடுகளில் வாசிப்பை நுழைத்தது முத்துவும் லயனும்தான். பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய அந்தச் சின்னப் புத்தகங்களில் தொடங்கி, பிறகு நாவலுக்கும் வரலாற்றுக்கும் போனவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. மொழிபெயர்ப்பிலும் உழைப்பு இருக்கிறது. பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் பிறந்த வசனத்தைத் திண்ணைப் பேச்சாக்கிய துணிச்சல் விஜயனுடையது. லக்கி லூக் கதையில் டால்டன் சகோதரர்கள் தமிழில் சண்டை போடும்போது அது வேற்று நாட்டுச் சரக்கு என்ற எண்ணமே வாசிப்பவருக்கு வருவதில்லை.

ஆனால் புத்தகம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கேட்டால் விடை வேறாகிறது. எண்பதுகளில் பத்து வயதில் படித்தவர்கள் இன்று ஐம்பதைத் தொடுகிறார்கள். சந்தா கட்டுபவர்களும் சென்னைப் புத்தகக் காட்சியில் காத்திருந்து வாங்குபவர்களும் பெரும்பாலும் அவர்களே. 2013 ஜனவரியில் முத்துவின் நாற்பதாம் ஆண்டு மலர் நானூறு ரூபாய்க்கு வந்தது. அந்த விலை வாசகர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. உள்ளடக்கமும் அவர்களோடு சேர்ந்தே வயது ஏறியது. டெக்ஸ் வில்லரின் துப்பாக்கி, 'இரத்தப் படலம்' என்ற பெயரில் வந்த பதின்மூன்றாம் எண் மனிதனின் அரசியல் சதி, அதற்கு மேல் கிராஃபிக் நாவல் வரிசை. அந்த வரிசையில் வந்த 'நிஜங்களின் நிசப்தம்' பிரெஞ்சு எழுத்தாளர் ஃபிலிப் கிளோடெலின் நாவலை மனு லார்செனே கறுப்பு வெள்ளையில் வரைந்தது. போருக்குப் பிந்தைய ஒரு கிராமத்தின் கூட்டுக் குற்றம் பற்றியது. தமிழில் அதைக் கொண்டுவந்தது பெரிய செயல் என்பேன். பதினொரு வயதுப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாத புத்தகம் என்றும் சொல்வேன்.

வடிவத்திலும் ஒரு தடை உண்டு. பிரெஞ்சு வசனத்துக்கு அளவெடுத்து வரைந்த பேச்சுக் குமிழுக்குள் தமிழ் வாக்கியம் எளிதில் அடங்குவதில்லை. எழுத்து சிறுத்து, வரிகள் நெருங்கி, படத்தைப் பார்ப்பதா எழுத்தைத் துரத்துவதா என்று கண் திணறும் பக்கங்கள் உண்டு. பழகிய வாசகர் அதைத் தாண்டிவிடுவார். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை அங்கேயே புத்தகத்தை மூடிவிடும்.

இரும்புக்கை மாயாவியை இந்த மண்ணில் வைத்துப் படிக்கும்போது எனக்குள் ஒரு உறுத்தல். 1962இல் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையான வேலியன்ட்டில் தொடங்கிய கதை அது. ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோவின் நிழலும் ஒளியும் இன்றும் பிரமிக்க வைக்கின்றன. ஆய்வுக்கூட விபத்தில் ஒருவன் வலக்கையை இழக்கிறான். இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர உடல் முழுதும் மறைகிறது. விபத்து அவனுக்கு வல்லமை கொடுக்கிறது. வெடிவிபத்து ஒரு கையை என்ன செய்யும் என்று சிவகாசிப் பிள்ளைக்குப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகிச் செத்தார்கள். படக்கதை மறுபிறப்பு எடுத்ததும் அதே ஆண்டுதான். மாயாவி கதையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாயக்கதைக்கு அந்த உரிமை உண்டு. உரிமம் வாங்கி மொழிபெயர்க்கும் பதிப்பகத்திடம் கேட்கவேண்டிய கணக்கும் இதுவல்ல. ஆனால் காயம்பட்ட கை வல்லமை பெறும் கதை அரை நூற்றாண்டாக அச்சாகும் ஊரில், காயம்பட்ட கையோடு வீடு திரும்பும் அப்பாவின் கதை படமாக வரவில்லை என்பதைத் திறனாய்வு பதிவு செய்தே ஆக வேண்டும். பட்டாசு மண்டலத்துப் பிள்ளை ஒன்றை நாயகனாகவோ நாயகியாகவோ கொண்ட தமிழ்ப் படக்கதை நாவல் எதுவும் என் வாசிப்பில் இதுவரை எதிர்ப்படவில்லை.

இனி உரைநடை. எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. தவறான தொடுகையைப் பற்றி வாய் திறக்க முடியாத சிறுமிக்கு ஒரு மரப்பாச்சி துணை வருகிறது. பயத்தைக் கூட்டாமல், பிள்ளையின் மௌனத்தை மதித்து, சொல்லும் தைரியத்தை மெல்ல வளர்க்கிறது கதை. இந்தப் பொருளைத் தமிழ்ச் சிறார் நாவலுக்குள் கொண்டுவந்து வெற்றி பெற்றதற்காகவே அது நிற்கும். குறையும் உண்டு: பொம்மை சில இடங்களில் பொம்மையாக இல்லாமல் ஆலோசகராகப் பேசிவிடுகிறது. சிறுமி தானே தடுமாறிக் கண்டுபிடிக்க வேண்டியதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் அதே விருதைப் பெற்றது. உதயசங்கர் கோவில்பட்டிக்காரர். சிவகாசிக்கு அடுத்த தீப்பெட்டி ஊர் அது. இன்றைய சிறுவன் கீழடிக்குப் போய் அந்நாளைய ஆதனைச் சந்திக்கிறான். கீழடிப் பானை ஓட்டில் கீறப்பட்ட பெயருக்கு உரியவன் தன்னைப் போலவே விளையாடும் பையன் என்று பிள்ளை உணரும் இடம்தான் நாவலின் உயிர். தகவல் நிரம்பி வழியும் இடங்களில் அந்த உயிர் மங்குகிறது. அகழாய்வைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடும் ஆசையில் ஆதனும் கொஞ்ச நேரம் ஆசிரியர் ஆகிறான். இருந்தாலும் எளிய வாக்கியமும் நட்பின் இதமும் புத்தகத்தை இறுதிவரை தாங்குகின்றன. யூமா வாசுகி, விஷ்ணுபுரம் சரவணன் என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் விருது பெற்றவர்களையும் சேர்த்துப் பார்த்தால், ராஜபாளையத்துக் கொ.மா. கோதண்டத்தின் 'காட்டுக்குள்ளே திருவிழா' 2012இல் விருது வாங்கிய நாளிலிருந்து சிறார் எழுத்து எவ்வளவு பரந்திருக்கிறது என்பது தெரியும்.

இந்த நாவல்களின் பெரிய பலவீனம் படம். பக்கத்துக்குப் பக்கம் எழுத்து, நடுவில் எங்கோ ஒரு கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம். கதை சொல்வதில் ஓவியருக்குப் பங்கே இல்லை. நாட்டுக்கே காலண்டரும் பட்டாசு லேபிளும் அச்சிட்டு அனுப்பும் ஊர் பக்கத்தில் இருந்தும் இந்த நிலை. படம் உள்ள புத்தகத்தில் நம் பிள்ளை இல்லை. நம் பிள்ளை உள்ள புத்தகத்தில் படம் இல்லை.

கடினமான வாழ்க்கை இந்த வயதுக்கு ஆகாது என்று தயங்குபவர்களுக்கு உலகம் பதில் சொல்லிவிட்டது. ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்' 2020இல் அமெரிக்கச் சிறார் நூல்களுக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. அந்தப் பதக்கத்தை வாங்கிய முதல் கிராஃபிக் நாவல் அது. நிறத்தால் தனித்துப்போகும் ஒரு பள்ளி மாணவனின் அன்றாடம்தான் கதை. அதே ஆண்டு வந்த 'வென் ஸ்டார்ஸ் ஆர் ஸ்கேட்டர்ட்' கென்யாவின் அகதி முகாமில் தம்பியோடு வளர்ந்த ஒமர் முகம்மதின் சொந்த வாழ்க்கை. ரேஷனுக்கு வரிசையும் உண்டு, பந்து விளையாட்டும் உண்டு. இரக்கம் கேட்டு ஒரு பக்கமும் எழுதப்படவில்லை.

நம்மிடம் என்ன குறைவு? சலம் பென்னூர்கர் 1990இலேயே சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஆவணப்படம் எடுத்தார். விடியுமுன் வேலைக்குப் பஸ் ஏறிய அந்தப் பிள்ளைகள் இன்று பெற்றோர். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் குழந்தைத் தொழிலாளர் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு வளர்ந்த தலைமுறை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. 2018 அக்டோபரில் பட்டாசில் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை வந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, கூலியில்லாத வீட்டில் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் என்ன பார்த்திருப்பாள்? தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டதும் வகுப்பறை எப்படி அமைதியாகும்? தீபாவளிக்கு முந்தின ஓவர்டைம் காசில் என்ன வாங்குவார்கள்? சுவரொட்டிப் பரிதாபம் கலக்காமல் இதை எழுதவும் வரையவும் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. இந்த மாவட்டத்துப் பள்ளி நூலகத்துக்கு 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 'ஆதனின் பொம்மை' இரண்டையும் தயங்காமல் வாங்கலாம். படக்கதையில் லக்கி லூக்கையும் ஸ்மர்ஃப்களையும் சேர்க்கலாம். லக்கி லூக்கில் செவ்விந்தியரைக் காட்டும் விதம் பற்றி ஆசிரியர் பிள்ளைகளிடம் பேசியே ஆக வேண்டும். டெக்ஸும் கிராஃபிக் நாவல் வரிசையும் பெரியவர்களின் அலமாரிக்கு உரியவை. சிறாருக்கான பதிப்பு என்ற அளவில் சிவகாசிப் படக்கதை இன்று தேறவில்லை. தமிழ்ச் சிறார் நாவல் தேறிவிட்டது, ஓவியத்தில் மட்டும் பாக்கி வைத்திருக்கிறது.

பள்ளிக் கல்வித் துறை ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புக்குத் 'தேன்சிட்டு' என்ற இதழை நடத்துகிறது. வாசிப்பு இயக்கத்துக்கு நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சிறுநூல்களும் அச்சிடுகிறது. அந்த வரிசையில் பட்டாசு மண்டலத்துப் பிள்ளையின் படக்கதை ஒன்றுக்கு இடம் ஒதுக்குங்கள். எழுத்தாளருக்குச் சமமாக ஓவியர் பெயரையும் அட்டையில் போடுங்கள். சிவகாசியிலேயே அச்சிட்டு, ஒரு பிள்ளை தன் கைக்காசில் வாங்கும் விலைக்குக் கொடுங்கள்.