முதற்கொழுந்து

எமரால்டு அணையின் நீர்ப்பரப்பின் மேல் மாலை மூடுபனி இறங்கிவிட்டால், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வெளியே விளையாட வழியில்லை. அந்த நேரத்தில் அவர்கள் கையில் ஒரு நல்ல நூல் இருக்கட்டும் என்ற எண்ணத்தோடு, மறைக்கல்வி வகுப்பு நடைபெறும் அறையின் மூலையில் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலமாரி வைத்தோம். புனிதர் வரலாறுகள், நீதிக்கதைகள், அறிவியல் துணுக்குகள், இரண்டொரு சரித்திர நாவல்கள் என்று அது மெல்ல நிரம்பியது. பத்தாம் வகுப்பில் படித்துவந்த தேயிலைத் தோட்டத்து மாணவி ஒருத்தி, ஓராண்டுக்குள் அவற்றில் பெரும்பகுதியைப் படித்து முடித்தாள். ஒரு ஞாயிறன்று அவள் நூலைத் திருப்பித் தந்தபோது, எப்படியிருந்தது என்று கேட்டேன். "கதை நல்லாத்தான் இருக்கு சார். கடைசிப் பக்கத்துல மட்டும் யாரோ வந்து என்னைத் திட்டுறாங்க" என்றாள்.

திறனாய்வு நூல்கள் பல படித்தும் எனக்குக் கிட்டாத ஓர் அளவுகோலை அவள் ஒரே வரியில் தந்துவிட்டாள். பதின்மூன்று வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு நாம் தரும் நூல்கள் பெரும்பாலும் இருவகை. ஒன்று, அவர்கள் கடந்து வந்துவிட்ட சிறுவர் கதை. மற்றொன்று, அவர்களைத் திருத்தும் நோக்கம் கொண்ட அறவுரை. அவர்களுடைய அச்சத்தை, கோபத்தை, வெட்கத்தை, வீட்டில் சொல்ல இயலாத கேள்வியை எடுத்துக்கொண்டு, அவர்களோடு சமமாக அமர்ந்து பேசும் நாவல் நம் அலமாரியில் இல்லை. இளையோர் நாவல் என்று இன்று பெயர் பெற்றுவரும் இலக்கிய வகை அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததே. அவ்வகையில் புதிதாக எழுத வருவோரை நாம் எவ்வாறு கண்டறிவது, எந்த மனத்தோடு படிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வகை நாவலின் வரலாற்றைப் பேசுவோர் பலரும் குறிப்பிடும் நூல் ஒன்றுண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த எஸ்.இ. ஹின்டன் எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது அவர் பள்ளி மாணவி. நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. ஏழை இளைஞர் கூட்டத்துக்கும் வசதி படைத்த இளைஞர் கூட்டத்துக்கும் நடக்கும் மோதலே கதை. கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்தில் ஒளிந்திருக்கும் சிறுவர்கள், அது தீப்பற்றி எரியும்போது உள்ளே சிக்கிய குழந்தைகளை மீட்க ஓடுகிறார்கள். ஊர் எவரை ரௌடிகள் என்று ஒதுக்கியதோ, அவர்களே நெருப்புக்குள் நுழைகிறார்கள். ஆசிரியை அதற்கு உரை எழுதவில்லை. காட்சியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கதையைச் சொல்லும் சிறுவன் தன் ஆசிரியருக்காக எழுதும் கட்டுரையே இந்நாவல் என்பது இறுதியில் தெரியவருகிறது. நாம் படித்து முடித்தது ஒரு பள்ளிப் பிள்ளையின் வீட்டுப்பாடம்! எங்கள் ஊர் மாணவியின் கோட்டில் நிறுத்தினால், இந்தக் கடைசிப் பக்கம் எவரையும் திட்டுவதில்லை. மாறாக, 'நீயும் எழுது' என்று மெல்ல அழைக்கிறது.

தமிழுக்குத் திரும்புவோம். நம் முதல் நாவலே ஒரு புது முயற்சியாளரின் படைப்பு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826 - 1889) முன்சீப்பாகப் பணியாற்றியவர், 'நீதிநூல்' பாடியவர். அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியபோது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். தமிழில் அதற்கு முன்மாதிரி கிடையாது. அக்கதை இரண்டு பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் கதையே. பிரதாபனைவிடக் கூர்மையானவள் ஞானாம்பாள். ஆண் வேடத்தில் அவள் ஒரு நாட்டையே ஆளும் பகுதி இன்று படித்தாலும் வியப்பூட்டுகிறது. நீதி புகட்டும் ஆர்வத்தில் கதையை நிறுத்திவிட்டுப் பேசும் இடங்கள் அந்நூலில் மிகுதி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்பும் நம் நெஞ்சில் நிற்பது அந்த அறவுரைகளா, ஞானாம்பாளா? விடை அனைவரும் அறிந்ததே. ஒழுக்கத்தைக் கதைமாந்தரே சுமக்கும்போது அது நிலைக்கிறது. ஆசிரியர் சுமக்கும்போது நூலோடு மூடப்பட்டுவிடுகிறது.

அண்மைக் காலத்தில் இதே சோதனையில் தேறிய முதல் நாவலாக நான் கருதுவது, ஆங்கிலத்தில் எழுதும் தமிழரான பத்மா வெங்கட்ராமனின் 'கிளைம்பிங் தி ஸ்டேர்ஸ்'. கடலியல் அறிஞரான அவர் அமெரிக்காவில் வாழ்கிறார். இளையோருக்கான இந்த முதல் நாவல் 2008இல் வெளியானது. காலம் 1941. பம்பாயில் வாழும் வித்யாவுக்கு வயது 15. விடுதலைப் போராட்ட ஊர்வலம் ஒன்றில் அவள் தன்னையறியாமல் கலந்துகொள்ள, அங்கே போலீசாரின் தடியடியில் அவளுடைய தந்தை மூளை பாதிக்கப்பட்டு, பேச்சும் நினைவும் இழந்து உயிரோடு மட்டும் மிஞ்சுகிறார். குடும்பம் சென்னையில் உள்ள தாத்தாவின் கூட்டுக்குடும்பத்துக்கு வருகிறது. அங்கே கீழ்த்தளம் பெண்களுக்கு, மேல்தளம் ஆண்களுக்கு. நூலகம் மேலே இருக்கிறது. அங்கே சென்று படிக்க அனுமதி வேண்டும் என்று தாத்தாவிடம் வித்யா கேட்கிறாள். அந்தப் படிகளில் ஏறுவதே நூலின் பெயர்.

இக்கதையின் உயிர்நிலை வித்யாவின் குற்ற உணர்வு. 'என்னால்தானே அப்பாவுக்கு இந்த நிலை?' என்ற கேள்வியை அவள் எவரிடமும் சொல்லாமல் சுமக்கிறாள். அவளுடைய அண்ணனோ, அகிம்சையைப் போற்றும் வீட்டில் பிறந்தும், ஹிட்லரை எதிர்க்க வேண்டும் என்று பிரித்தானிய இராணுவத்தில் சேர்கிறான். எது சரி? ஆசிரியை தீர்ப்பு வழங்குவதில்லை. மனச்சான்று என்பது விடை எழுதிய பலகை அன்று; அதனோடு நாள்தோறும் உரையாட வேண்டும் என்பதைப் பதினைந்து வயது வாசகர் தாமே உணருமாறு விட்டுவிடுகிறார். நூலில் குறையும் உண்டு. நமக்குத் தெரிந்த வழக்கங்களை அயல்நாட்டு வாசகருக்கு விளக்கும் பொருட்டுக் கதை சில இடங்களில் நின்று போகிறது. முதல் நூலுக்குரிய பதற்றம் அது. 2019இல் வெளிவந்த அவருடைய 'தி பிரிட்ஜ் ஹோம்', இன்னும் சற்று இளைய பிள்ளைகளுக்கு எழுதப்பட்டது. சென்னைப் பாலம் ஒன்றில் தங்கிக் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் நான்கு சிறுவர் சிறுமியரின் கதை. ஆழிப்பேரலையில் குடும்பத்தை இழந்தும் தன் கிறிஸ்தவ நம்பிக்கையை விடாத அருள் என்ற சிறுவன் அதில் வருகிறான். இந்நூலில் அந்தப் பதற்றம் வெகுவாகத் தணிந்துவிட்டது. முதல் நூலை வாசகர் பொறுமையோடு வரவேற்றதால் விளைந்த முதிர்ச்சி இது என்றே கருதுகிறேன்.

நம் மொழியில் இன்றைய நிலை என்ன? நம்பிக்கை தரும் அடையாளங்கள் உள்ளன. கீழடி மண்ணின் தொன்மையைச் சிறுவன் ஒருவனின் கற்பனைப் பயணத்தோடு இணைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' இளையோர் நாவலாகவே வெளிவந்து, 2023ஆம் ஆண்டின் பால சாகித்திய விருதைப் பெற்றது. பிள்ளைகளுக்கு நேரும் தகாத தொடுகையை ஒரு மரப்பாச்சி பொம்மையின் வாய்மொழியாகப் பேசிய யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் அதே விருதைப் பெற்றது. இரண்டாவது நூலை எங்கள் அலமாரியில் வைத்தபோது, "இதெல்லாம் பிள்ளைங்க கையில வேணுமா?" என்று தாய் ஒருவர் தயங்கினார். அந்தத் தயக்கம் அன்பிலிருந்து பிறந்ததுதான். ஆனால் நாம் பேசாதிருப்பதால் தீமை பிள்ளைகளை அணுகாமல் இருந்துவிடுவதில்லை. அணுகும்போது அதைச் சொல்லச் சொற்கள்தாம் அவர்களிடம் இல்லாமல் போகின்றன. ஒரு வாரம் கழித்து அந்தத் தாயே நூலை வாங்கிச் சென்றார். மகளுக்கு முன் தாம் படித்ததாகப் பின்னர் கூறினார்.

மேற்சொன்ன இருவரும் முன்பே எழுதித் தேர்ந்தவர்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய விருது, சிறுவர் இலக்கியத்துக்கு உரியது. 2011 முதல் வழங்கும் யுவ விருது, 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளருக்கு உரியது. பதின்பருவத்தினருக்காகத் தம் முதல் நாவலை எழுதுபவர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சந்தில் நிற்கிறார். அமெரிக்க நூலகர் சங்கமோ, இளையோருக்கு எழுத வரும் புதியவரின் முதல் நூலுக்கென்றே 2009 முதல் வில்லியம் மாரிஸ் விருது என்ற தனி விருதை அளித்து வருகிறது. அதைத் தருவோர் நூலகர்கள் என்பது பொருள் நிறைந்தது. பிள்ளைகளின் கையில் நூலைக் கொடுத்து அவர்கள் முகத்தைப் பார்ப்பவர்களே புதியவரை முதலில் அடையாளம் காண்கிறார்கள். அப்படியானால் அலமாரி வைத்திருக்கும் ஒவ்வொரு பங்கும், ஒவ்வொரு பள்ளியும் அந்தப் பணியில் பங்குடையதே.

அப்பணி எப்போதும் இனிதாய் இராது. முதல் நூல் சில வேளை நம்மையே சுடும். 1992இல் வெளிவந்த பாமாவின் முதல் நூலான 'கருக்கு' தன்வரலாறு. இளம்பருவ நினைவுகளைச் சொல்லும் அந்நூல், திருச்சபைக்குள்ளேயே நிலவிய சாதி வேற்றுமையை ஒளிவுமறைவின்றிக் கூறியது. 1994இல் வந்த இமையத்தின் முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்', ஆரோக்கியம் என்ற கத்தோலிக்க வண்ணாத்தியின் துயரை நம் முன் வைத்தது. இவை இளையோருக்கென்றே எழுதப்பட்டவை அல்ல. ஆயினும் ஒன்றைக் கற்பிக்கின்றன: புதிதாக எழுத வருபவர் எவரையும் மகிழ்விக்கும் பழக்கத்தை இன்னும் கற்றிருப்பதில்லை, ஆகவே கண்டதைச் சொல்லிவிடுகிறார். பதின்பருவத்து வாசகர்கள் பொய்யை உடனே முகர்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஏற்றது அந்த உண்மையே.

இறுதியாக, எங்கள் மலைக்கு வருகிறேன். மின்வாரியப் பொறியாளரின் மனைவியாக நீலகிரியில் வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன், படகர் வாழ்வின் மாற்றங்களை 1960களில் 'குறிஞ்சித்தேன்' நாவலில் அன்போடு வரைந்தார். வெளியிலிருந்து வந்தவரின் பரிவு அது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இன்று நீலகிரிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் விட்டுவந்த அந்த மலைகளை, அங்கேயே பிறந்து ஆசிரியராகப் பணியாற்றிய தெளிவத்தை ஜோசப் (1934 - 2022) 'காலங்கள் சாவதில்லை' என்ற தம் முதல் நாவலில் 1974இல் எழுதினார். அக்கரைக்கு அவ்வாறு ஒருவர் வாய்த்தார். இக்கரையின் லயன் வீட்டில் விளக்கேற்றிப் படிக்கும் பிள்ளையின் நாவல் எங்கே? 2019 ஆகஸ்டில் எமரால்டை அடுத்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது அந்தப் பிள்ளை என்ன நினைத்தது? பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கோவைக்கோ திருப்பூருக்கோ பேருந்து ஏறும்போது மனத்தில் எதை விட்டுச் சென்றது? அந்த முதல் நூலை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அது வரும் நாளில் நாம் எப்படிப் படிக்க வேண்டும் என்பதைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் நமக்குச் சொல்லித் தருவார்கள். கவாத்து வெட்டிய தேயிலைச் செடியில் முதலில் துளிர்க்கும் கொழுந்தை உடனே ஆழமாகக் கிள்ளிவிட்டால் செடி சோர்ந்துபோகும். கிள்ளாமலே விட்டுவிட்டாலோ நெட்டையாக வளர்ந்து வீணாகும். உரிய உயரம் வரும்வரை பொறுத்திருந்து, மட்டம் பார்த்து நுனியை மட்டும் கிள்ளும்போதுதான் அது பக்கவாட்டில் படர்ந்து பல ஆண்டுகள் பலன் தரும். முதல் நாவலைப் படிப்பவர்க்கும் இதுவே நெறி. பாராட்டி மட்டும் விட்டுவிடுவதும், பழுதை மட்டும் எண்ணுவதும் இளஞ்செடிக்கு ஒருபோலக் கேடு.

இந்த ஆண்டு எங்கள் அலமாரியில் ஒரு தட்டை முதல் நூல்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். அதில் இன்னும் பாதிக்குமேல் காலியாகவே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் திட்டு வாங்கிய அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சென்ற விடுமுறையில் வந்தபோது அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு இடம் யாருக்கு சார்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவளுடைய பையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருந்ததைப் பார்த்தேன்.